ஐடி வேலையை விட்டு மரவேலைக்குப் போகலாமா? (34 வயது, வீட்டுக் கடன், ஒரு மகள்)

#1 தேக்கங்கன்று

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளாக இங்கே படிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை. நீளமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மெக்கானிக்கல் முடித்தது 2013இல். கேம்பஸில் வந்தது சாஃப்ட்வேர் நிறுவனம். எங்கள் வகுப்பில் லேத், மில்லிங் என்று படித்ததற்கேற்ற வேலைக்குப் போனவர்களை ஒரு கையில் எண்ணிவிடலாம். நானும் எல்லாரோடும் சேர்ந்து பழைய மகாபலிபுரம் சாலைக்குப் பஸ் ஏறினேன். வங்கிகளுக்கான மென்பொருளில் டெஸ்டிங். முதல் ஏழெட்டு வருடம் பிடித்தேதான் செய்தேன். இப்போது நான் செய்வது எக்செல் தாளில் பச்சை, மஞ்சள், சிவப்பு அடித்து, அதை வைத்து மூன்று கூட்டங்களில் ஒரே விஷயத்தைச் சொல்வது. ஞாயிறு மாலை நாலு மணிக்கே வயிற்றைப் பிசைய ஆரம்பித்துவிடும்.

ஊரடங்கு சமயத்தில் பக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த வீட்டில் மிச்சமான தேக்குத் துண்டுகளைச் சும்மா வாங்கி வந்தேன். ஒரு இழைப்புளி, இரண்டு உளி, ஒரு கைரம்பம். மொட்டை மாடி. இழைப்புளியைத் தள்ளும்போது சீவல் சுருண்டு வருமே, அந்தச் சத்தத்தில் மண்டைக்குள் ஓடுகிற எல்லாம் நின்றுவிடும். மகளுக்கு ஒரு முக்காலி செய்தேன். ஆடுகிறது, ஒரு காலுக்கு அடியில் காலண்டர் அட்டை மடித்து வைத்திருக்கிறேன். ஆனாலும் 12 வருடத்தில் நான் செய்த வேலையில் கையில் எடுத்துக் காட்ட முடிகிற ஒரே பொருள் அதுதான்.

நிலவரம்: கையில் வருவது 92,000. வீட்டுக் கடன் தவணை 27,800, இன்னும் 16 வருடம். மனைவி தனியார் பள்ளியில் 18,000. சேமிப்பு 7 லட்சம். வேலையை விட்டுவிட்டு, ஒரு வருடம் கற்றுக்கொண்டு, சின்னதாக ஒரு பட்டறை போடலாம் என்று ஒரு எண்ணம். மனைவியிடம் கேட்டால் "உங்க இஷ்டம்" என்கிறாள். கல்யாணமானவர்களுக்கு இதற்கு அர்த்தம் தெரியும்.

நான் என்னையே ஏமாற்றிக்கொள்கிறேனா?

#2 மன்னார்குடிக்காரன்

கணக்கு மட்டும் சொல்கிறேன், மனசு விஷயம் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். தவணை 27,800. குழந்தையோடு சென்னையில் வீட்டுச் செலவு எவ்வளவு சுருக்கினாலும் 40,000. மாதம் 68,000 போகிறது, மனைவி சம்பளம் கழித்தால் 50,000 பற்றாக்குறை. 7 லட்சம் 14 மாதத்துக்கு வரும். அதில் ஒரு வருடம் கற்றுக்கொள்வதற்கே போய்விட்டால், பட்டறைக்கு மிஷின் வாங்க மிச்சமிருப்பது ஒரு லட்சம்.

ஒரு லட்சத்துக்குப் பட்டறை முழுக்க மிஷின் வராது தம்பி.

#3 ஜென்குடிமகன்

நண்பரே, ஜப்பானியர்கள் இதற்கு இகிகாய் என்று வழி சொல்லியிருக்கிறார்கள். நான்கு வட்டம் போடுங்கள். உங்களுக்குப் பிடித்தது, நன்றாக வருவது, உலகத்துக்குத் தேவையானது, காசு தருவது. நாலும் சேரும் இடத்தில் இருப்பதுதான் உங்கள் வேலை. அதைக் கண்டுபிடித்தவனுக்கு ஓய்வு என்பதே தேவையில்லை. துணிந்து இறங்குங்கள்.

#4 உரைகல்

அந்த நாலு வட்டப் படம் ஜப்பான் சரக்கே இல்லை. ஸ்பெயின்காரர் ஆந்திரேஸ் சுசுனாகா என்ற ஜோதிடர் 'வாழ்வின் நோக்கம்' என்று போட்ட படம். 2014இல் மார்க் வின் என்ற வலைப்பதிவர் நடுவில் இருந்த சொல்லை எடுத்துவிட்டு இகிகாய் என்று எழுதினார், அது உலகம் முழுக்கப் பரவிவிட்டது. ஜப்பானில் அந்தச் சொல்லுக்குக் காசோடு ஒரு சம்பந்தமும் கிடையாது. பேரப்பிள்ளை, தோட்டம், காலையில் குடிக்கிற தேநீர், எதுவும் இகிகாயாக இருக்கலாம். மாடியில் மரம் இழைப்பதும் அப்படியே இருந்துவிட்டுப் போகட்டுமே? அதைச் சம்பளமாக மாற்றியே ஆக வேண்டும் என்று யார் சொன்னது?

#5 பட்டறைப்பையன்

முதலில் ஒரு திருத்தம். முக்காலி ஆடாது. மூன்று கால் என்றால் எப்பேர்ப்பட்ட மேடு பள்ளத்திலும் மூன்றும் தரையைத் தொட்டுத்தான் நிற்கும். உங்களுடையது நாலு கால். எல்லா ஸ்டூலையும் முக்காலி என்று சொல்லிப் பழகிவிட்டோம். காலண்டர் அட்டையை எடுத்துவிட்டுச் சமமான இடத்தில் வைத்து ஆட்டிப் பாருங்கள். எதிரெதிர் மூலையில் எந்த இரண்டு கால் தரையை விடாமல் நிற்கிறதோ அவைதான் நீளம். அதில் ஒன்றைக் கொஞ்சம் கொஞ்சமாக இழையுங்கள். அவசரப்பட்டு அறுத்தால் அடுத்த கால், அதற்கடுத்த கால் என்று போய்க் கடைசியில் மணையாகிவிடும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் அப்பா கும்பகோணம் பக்கம் ஆசாரி. நிலை, கதவு, ஊஞ்சல் பலகை, கட்டில். நான் இப்போது கோயம்புத்தூரில் ஒரு மில்லில் கணக்கெழுதுகிறேன். சின்ன வயதில் பட்டறையில் சீவல் பொறுக்கி அடுப்புக்கு மூட்டை கட்டுவது என் வேலை. ஒரு நாள் ஆசையாக உளியை எடுத்துக் கொட்டாப்புளியால் தட்டினேன். அப்பா வந்து உளியைப் பிடுங்கினார். அடிக்கவில்லை. "கணக்கு நோட்டை எடு" என்றார். அவ்வளவுதான்.

ஏன் அப்படி என்று தாத்தா சொன்ன பிறகுதான் புரிந்தது. 1953இல் ராஜாஜி முதல்வராக இருந்தபோது ஆரம்பப் பள்ளிகளில் நேரத்தைக் குறைத்து, மிச்ச நேரத்தில் பிள்ளைகள் அப்பன் தொழிலைக் கற்றுக்கொள்ளட்டும் என்று ஒரு திட்டம் வந்தது. குலக்கல்வி என்று ஊரே எதிர்த்தது. அடுத்த வருடம் காமராசர் முதல்வரானதும் அதைத் தூக்கிப்போட்டார். தாத்தா அப்போது மூன்றாம் வகுப்பு. அந்தத் திட்டம் போனாலும் அவர் படிப்பு ஐந்தாவதோடு நின்றுபோனது வேறு கதை. அப்பாவுக்கும் பத்தாவதைத் தாண்ட முடியவில்லை. என்னையாவது பட்டறை வாசலுக்கு வெளியே நிறுத்த வேண்டும் என்பது அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து முடித்த வேலை. இந்தத் தொழில் உங்களுக்கு விருப்பம். எங்களுக்கு அது பிறக்கும்போதே எழுதி வைத்தது. இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு, அதை மட்டும் ஒரு ஓரத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்காக வராதீர்கள் என்று சொல்லவில்லை. யார் வந்தாலும் தொழிலுக்கு நல்லதுதான். ஆனால் எந்தத் தொழிலுக்கு வருகிறோம் என்று தெரிந்துகொண்டு வாருங்கள். அப்பாவுக்கு இப்போது வருகிற வேலையில் பத்துக்கு ஏழு பிளைவுட். எட்டுக்கு நாலு ஷீட்டை வெட்டி, மைக்கா ஒட்டி, ஓரத்துக்குப் பட்டை அடித்து, கீல் முடுக்கி. தேக்கு இழைக்கிற வேலை மாதத்தில் சில நாள்தான். அந்த நாளிலும் உளியும் இழைப்புளியும் கையில் இருப்பது இரண்டு மணி நேரம். மிச்ச நேரம் அளவெடுக்கப் போவது, அறுவை மில்லில் காத்துக்கிடப்பது, லோடு ஆட்டோக்காரனோடு பேரம், "இந்த வாரம் பணம் போட்டுடறேன்" என்கிறவர்களுக்கு மறுபடி மறுபடி போன்.

அப்பாவிடம் நீல அட்டை போட்ட ஒரு நோட்டு இருக்கிறது. வராத பாக்கி மட்டும் எழுதியது. முதல் பக்கத்தில் இருப்பவர் இறந்தே எட்டு வருடம் ஆகிறது. அப்பா இன்னும் அதை அடிக்கவில்லை.

நான் சொல்வது இதுதான். வேலையை விடாதீர்கள். பக்கத்தில் ஏதாவது ஒரு பட்டறையில் சனிக்கிழமை சனிக்கிழமை போய் நில்லுங்கள். எட்டு வாரம். அவர்கள் கொடுக்கிற வேலையைச் செய்யுங்கள், நீங்கள் கேட்கிற வேலையை இல்லை. இழைக்கப் பிடிக்குமா என்று கேட்டுப் பயனில்லை, அது யாருக்கும் பிடிக்கும். நாள் முழுக்க உப்புத்தாள் தேய்க்க முடிகிறதா என்று பாருங்கள்.

#6 மன்னார்குடிக்காரன்

இந்த இழையில் இதற்கு மேல் யாரும் எழுத வேண்டியதில்லை.

#7 சம்பளச்சீட்டு

எழுத வேண்டியது இருக்கிறது. சம்பளப் பிரிவில் 15 வருடம் குப்பை கொட்டியவள் என்ற முறையில் சில விஷயங்கள். வேலையை விடுகிறவர்கள் இதையெல்லாம் ராஜினாமா கடிதம் கொடுத்த பிறகுதான் கேட்பார்கள்.

இந்த நிறுவனத்தில் ஐந்து வருடம் முடிந்துவிட்டதா? முடிந்திருந்தால் பணிக்கொடை உண்டு. பணிக்கொடைக்குக் கணக்கில் வரும் கடைசி மாதச் சம்பளத்தை (முக்கியமாக அடிப்படைச் சம்பளம்) 15ஆல் பெருக்கி, 26ஆல் வகுத்து, வருடத்தால் பெருக்குங்கள். அது 40,000, ஆறு வருடம் என்றால் 1,38,000 சொச்சம். பி.எஃப். பணத்தை எடுத்துப் பட்டறையில் போடாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். ஓய்வூதியத் திட்டத்தில் 10 வருடம் முடிந்திருந்தால் பின்னால் மாத ஓய்வூதியம் உண்டு. 12 வருடமும் பழைய கணக்குகளை மாற்றி ஒன்றாக்கி வைத்திருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். முக்கால்வாசிப் பேர் செய்திருக்க மாட்டார்கள்.

மருத்துவக் காப்பீடு இதைவிட முக்கியம். கம்பெனி பாலிசி நீங்கள் விலகுகிற நாளோடு போய்விடும். வேலையில் இருக்கும்போதே சொந்தமாக ஒன்று எடுத்து வையுங்கள். சர்க்கரை, இரத்த அழுத்தம் போல ஏற்கெனவே உள்ள நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் மூன்று வருடம் வரை போகும். அந்தக் காத்திருப்பு நீங்கள் சம்பளம் வாங்கும்போதே ஓடிக்கழியட்டும். உளி பிடிக்கிற வேலை வேறு.

#8 கீழைக்காற்று

பட்டறைப்பையன் அண்ணே, உங்கள் பதிவு படித்துத் தொண்டை அடைத்துக்கொண்டது. ஆனால் ஒரு கேள்வி. மத்திய அரசின் விஸ்வகர்மா திட்டத்தில் தச்சு உட்பட 18 தொழில்களுக்குக் கடனும் பயிற்சியும் உண்டு. அதைத் தமிழ்நாடு வேண்டாம் என்றது. நஷ்டம் உங்கள் அப்பா போன்றவர்களுக்குத்தானே?

#9 பட்டறைப்பையன்

அப்பாவும் இதைத்தான் கேட்டார். குடும்பத் தொழிலைச் செய்கிறவராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனைதான் சிக்கல் என்றது இங்கிருக்கிற அரசு. அதை எடுக்கச் சொல்லிக் கேட்டார்கள், நடக்கவில்லை. பிறகு கலைஞர் கைவினைத் திட்டம் என்று தனியாக ஒன்று கொண்டு வந்தார்கள். 25 தொழில், 3 லட்சம் வரை கடன், அதில் 25 சதவீதம், அதிகபட்சம் 50,000 மானியம். யார் குலத்தில் பிறந்தாய் என்ற கேள்வி அதில் கிடையாது. தேக்கங்கன்று தம்பிக்கே அது பொருந்தலாம், ஆனால் 35 வயது ஆக வேண்டும், கையில் தொழிலும் இருக்க வேண்டும்.

அப்பா எதற்கும் விண்ணப்பிக்கவில்லை. 63 வயதில் யாருக்கு மறுபடியும் கடன்காரனாக ஆசை.

#10 அனல்வாதம்

சாதித் தொழிலை ஒழிக்க வேண்டும் என்று பேசிக்கொண்டே இருந்தால்…

[இந்தப் பதிவின் மிச்சமும் இதற்கு வந்த 11 பதில்களும் அரசியல் பிரிவுக்கு மாற்றப்பட்டுள்ளன. கேள்வி கேட்டவரின் மர ஸ்டூலைப் பற்றி மட்டும் இங்கே பேசுவோம். – மட்டுறுத்துநர்]

#11 சீனிமிட்டாய்

நான் வேலையை விட்டவள். மதுரை. ஆடிட்டர் அலுவலகத்தில் இருந்தேன். கேக் நன்றாக வரும், சொந்தக்காரர்கள் எல்லாரும் "கடை போடு, கடை போடு" என்றார்கள். இந்தச் சொந்தக்காரர்களில் ஒருவர்கூடக் கடைசி வரை காசு கொடுத்து வாங்கவில்லை என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

2019இல் ஆரம்பித்தேன். உணவுப் பாதுகாப்புப் பதிவு எடுத்தேன், அப்போது வருடத்துக்கு 100 ரூபாய்தான், அது ஒரு தொல்லையே இல்லை. தொல்லை எங்கே என்றால், எனக்குப் பிடித்தது பிளம் கேக். டிசம்பருக்கு ஆகஸ்டிலேயே பழம் ஊறப்போட்டு, வீடெல்லாம் அந்த வாசனையோடு நாலு மாதம் காத்திருப்பேன். ஜனங்களுக்கு வேண்டியது கார்ட்டூன் பொம்மை வைத்த ஃபாண்டன்ட் கேக். மே மாதத்து மதுரையில் அந்தச் சர்க்கரைப் பொம்மையை டி.வி.எஸ். வண்டியில் முன்னால் வைத்துக்கொண்டு மாட்டுத்தாவணியிலிருந்து திருநகர் வரை போய்ப் பாருங்கள். ஒரு தடவை யானையின் தும்பிக்கை வழியிலேயே விழுந்துவிட்டது. அந்தக் குழந்தை "இது பன்னியா ஆன்ட்டி?" என்றது. அம்மாக்காரி பாதிக் காசுதான் கொடுத்தாள்.

மூன்று வருடம். நஷ்டமில்லை, மாதம் பதினைந்து, இருபது நின்றது. ஆனால் மூன்றாவது டிசம்பரில் எங்கள் வீட்டுக்கென்று ஒரு கேக் போடக் கை வரவில்லை. பையன் கேட்டான், பேக்கரியில் வாங்கிக் கொடுத்தேன். அன்றைக்குத்தான் தெரிந்தது.

பிறகு ஒரு ஆராய்ச்சியைப் பற்றிப் படித்தேன். 1973இல் வெளிவந்தது, ஸ்டான்ஃபோர்டு மழலையர் பள்ளியில் நடந்தது. படம் வரைவதென்றால் உயிரை விடுகிற பிள்ளைகளைப் பிரித்து, ஒரு கூட்டத்திடம் "வரைந்தால் சான்றிதழ் தருவோம்" என்று முன்கூட்டியே சொல்லி வரையச் சொன்னார்கள். சில நாள் கழித்துப் பார்த்தால் அந்தக் கூட்டத்துப் பிள்ளைகள் தாங்களாக வரைவது குறைந்துபோயிருந்தது. சொல்லாமல் திடீரென்று சான்றிதழ் வாங்கிய பிள்ளைகளுக்கு அப்படி ஆகவில்லை. என் கதையை எனக்கு முன்பே எழுதி வைத்த மாதிரி இருந்தது.

எல்லாருக்கும் இப்படி ஆகும் என்று சொல்ல மாட்டேன். என் தோழி ஒருத்தி இதே கார்ட்டூன் கேக்கை எட்டு வருடமாகச் சிரித்துக்கொண்டே செய்கிறாள். அவளுக்குப் பிடித்தது கேக் இல்லை, மனிதர்கள். வாசலில் நின்று முக்கால் மணி நேரம் பேசுவாள். எனக்குக் காலிங் பெல் அடித்தாலே எரிச்சல். கடை போடுவதற்கு முன்பு இதை யோசித்திருக்க வேண்டும்.

மறுபடி கணக்கு வேலைக்கே போய்விட்டேன். போன ஆகஸ்டில் பழம் ஊறப்போட்டேன்.

#12 தேக்கங்கன்று

அக்கா, "பன்னியா ஆன்ட்டி" படித்துச் சிரித்துவிட்டு, கடைசி வரிக்கு வந்து சும்மா உட்கார்ந்திருந்தேன். எனக்கும் அந்தப் பயம்தான். மாடியில் இருக்கிற ஒரே நல்ல இடத்தையும் நானே கெடுத்துக்கொண்டால்?

#13 ஹாம்பர்க்_ஈசன்

வணக்கம் தம்பி. நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து ஜெர்மனியில் 30 வருடம். இங்கே தச்சு வேலை படிக்கிறது எப்படி என்று சொன்னால் ஒப்பிட்டுப் பார்க்கலாம். என் தம்பியின் மகன் பள்ளிக்கூடம் முடித்ததும் டிஷ்லர் படிப்புக்குப் போனவன். தாய் தகப்பனுக்குப் பெரிய கவலை, பிள்ளை டொக்டராக வேண்டும் என்று இருந்தவர்கள். மூன்று வருடம். கிழமையில் ஒன்றிரண்டு நாள் தொழிற்பள்ளி, மிச்ச நாள் பட்டறை, பட்டறைக்காரர் மாதா மாதம் உதவித்தொகை கொடுக்க வேண்டும். கடைசிச் சோதனைக்குத் தானே வரைந்து தானே செய்த ஒரு சாமானைக் கொண்டுபோய் வைக்க வேண்டும். இவன் ஒரு எழுதும் மேசை செய்தவன். லாச்சி (டிராயர்) இழுத்தால் சத்தமே கேட்காது. அதைப் பார்த்த அன்றைக்குத்தான் என் தம்பி டொக்டர் கதையை விட்டவர்.

அங்கே உங்களுக்கு அந்த ஏற்பாடு இல்லை, அதுதான் பிரச்சினை. கற்கிற காலத்தில் யார் சோறு போடுவது என்பதற்கு இங்கே ஒரு விடை இருக்கிறது.

இன்னொன்று, முகக்கவசம் போடாமல் மரம் அறுக்க வேண்டாம். மரத்தூள் புற்றுநோய் உண்டாக்கும் என்று 1995இலேயே உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு முதல் பட்டியலில் போட்டுவிட்டது. இங்கே பட்டறைகளில் தூளை உறிஞ்சுகிற குழாய் ஒவ்வொரு மெஷினிலும் பூட்டியிருக்கும்.

#14 பட்டறைப்பையன்

அப்பா 40 வருடம் தோளில் ஒரு துண்டோடு அறுத்தார். இப்போது காலையில் இருமல் நிற்க அரை மணி ஆகும். டாக்டர் பீடி என்கிறார். அப்பா பீடியே பிடித்ததில்லை.

அப்புறம், இங்கே அடியோடு ஏற்பாடே இல்லை என்று சொல்ல முடியாது. அரசு ஐ.டி.ஐ.களில் கார்பென்டர் பிரிவு ஒரு வருடம் உண்டு. பெங்களூரு மல்லேஸ்வரத்தில் மத்திய அரசின் மர அறிவியல், தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது, அங்கே இயந்திர மரவேலைக்குக் குறுகிய காலப் பயிற்சிகள் நடத்துகிறார்கள். ஆனால் சோறு போடுகிற கேள்விக்கு விடை இல்லைதான்.

#15 தேக்கங்கன்று

பட்டறைப்பையன் அண்ணன் சொன்னபடி செய்கிறேன். வண்டலூர் தாண்டி ஒரு பட்டறையில் பேசிவிட்டேன். வரும் சனிக்கிழமை முதல். எட்டு வாரம் கழித்து வந்து எழுதுகிறேன்.

#16 ஜென்குடிமகன்

துணிந்து இறங்கச் சொன்னால் சனிக்கிழமை மட்டும் இறங்குகிறார் 🙂

#17 தேக்கங்கன்று (ஒன்பது வாரம் கழித்து)

வாக்குக் கொடுத்தபடி வந்துவிட்டேன்.

முதல் சனிக்கிழமை பட்டறையைக் கூட்டினேன். இரண்டாவது சனிக்கிழமை 14 கதவுப் பலகைகளுக்கு உப்புத்தாள். 80ஆம் நம்பர், 120, பிறகு 180. மாலையில் கைரேகை மழுங்கி, கைபேசி என் விரலை அடையாளம் தெரியவில்லை என்று திறக்க மறுத்தது. ரயிலில் நின்றுகொண்டே தூங்கினேன். ஞாயிறு மாலை நாலு மணிக்கு வயிறு பிசையவில்லை, முதுகு வலியில் அதற்கு நேரமில்லை.

மூன்றாவது வாரம் சாணை பிடிக்கக் கற்றுக்கொடுத்தார். ஆசாரிக்கு 58 வயது, அதிகம் பேச மாட்டார். கல்லில் தண்ணீர் தெளித்து, அலகை ஒரே சாய்வில் வைத்து இழுக்க வேண்டும். நான் யூடியூப்பில் பார்த்த கோணத்தைச் சொன்னேன். கேட்டுக்கொண்டார். பிறகு என் மணிக்கட்டைப் பிடித்து அப்படியே நகர்த்தினார், ஒரு நிமிடம். அந்தச் சாய்வு கைக்கு வந்துவிட்டது. தீட்டிய அலகை முன்கை மயிரில் வைத்துப் பார்த்தார், வழித்துக்கொண்டு போனது. "ம்" என்றார். அந்த "ம்"முக்காக மறுபடியும் 14 கதவு தேய்ப்பேன்.

இழைக்கும்போது கண்ணை மூடச் சொன்னார். சீவல் "சர்ர்" என்று வந்தால் நார் ஓடுகிற திசையில் போகிறாய், "கரக் கரக்" என்றால் எதிரே போகிறாய், பலகையைத் திருப்பு. ஐந்து வருடமாக மாடியில் பாதி நேரம் எதிர்த் திசையில் இழைத்திருக்கிறேன் என்று அன்றைக்குத் தெரிந்தது.

கணக்கு இன்னொரு கூத்து. ஒரு வீட்டுக்காரர் வாசக்காலுக்கு மரம் எவ்வளவு ஆகும் என்று போனில் கேட்டார். 7 அடி உயரம், மூன்றரை அடி அகலம், 5க்கு 3 அங்குலச் சட்டம், கீழ்ப்படியோடு. நான் கைபேசியில் கால்குலேட்டரைத் தேடுவதற்குள் "ரெண்டே கால் கன அடி, சேதாரம் சேர்த்து ரெண்டரை போட்டுக்கோங்க" என்றார். நான் பிறகு போட்டுப் பார்த்தேன், 2.19.

ஐந்தாவது வாரம்தான் நான் இங்கே சொல்ல வந்தது. பள்ளிக்கரணையில் ஒரு வீட்டில் அலமாரிக் கதவு சேரவில்லை என்று சண்டை. வீட்டுக்காரர் வாய்க்கு வந்தபடி பேசினார், ஆசாரி தலையைக் குனிந்து நின்றார். எனக்கு ஆபீஸ் புத்தி வந்துவிட்டது. டேப்பை எடுத்து அலமாரிக் கூட்டின் இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்தேன். பட்டறையில் செய்தபோது இரண்டும் ஒன்று என்று எனக்குத் தெரியும், நான்தான் பிடித்துக்கொண்டு நின்றேன். இப்போது 5 மில்லிமீட்டர் வித்தியாசம். அப்படியானால் இங்கே வைத்த பிறகு எதுவோ திருகியிருக்கிறது. மட்டப்பலகையைத் தரையில் வைத்தேன். டைல்ஸ் ஒரு பக்கம் சரிவு. அந்தக் காலுக்கு அடியில் ஒரு ஆப்பு வைத்ததும் கதவு தானாகச் சேர்ந்தது. வீட்டுக்காரர் காபி கொடுத்தார்.

வரும் வழியில் ஆசாரி, "நீ மரம் இழைக்கிற ஆள் இல்லப்பா, குத்தம் கண்டுபிடிக்கிற ஆள்" என்றார். திட்டுகிறாரா பாராட்டுகிறாரா என்று தெரியவில்லை. ஆனால் எட்டு வாரத்தில் எனக்கு அதிகச் சந்தோஷமாக இருந்தது அந்தப் பத்து நிமிடம்தான். அதைத்தானே 2021 வரை ஆபீஸிலும் செய்துகொண்டிருந்தேன்? எங்கே உடைகிறது, ஏன் உடைகிறது. பதவி உயர்வு என்று சொல்லித்தான் அதை என்னிடமிருந்து எடுத்துவிட்டு எக்செல்லைக் கொடுத்தார்கள். வேலை மாறியதைத் தொழிலே பிடிக்காமல் போய்விட்டது என்று நான் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். முழுக்க அப்படித்தான் என்று சத்தியம் பண்ண முடியாது. கொஞ்சம் அப்படி.

மேனேஜரிடம் பேசினேன். ஆள் நிர்வாகம் வேண்டாம், ஆட்டோமேஷன் (தானியங்கி டெஸ்டிங்) குழுவுக்கு மாற்றுங்கள் என்று. "பின்னால போறியே" என்றார். அடுத்த மாதம் மாற்றம். சம்பளம் அதேதான், பெயருக்குப் பின்னால் இருந்த 'லீட்' போய்விட்டது. என் அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.

ஏழாவது சனிக்கிழமை போகப் பிடிக்கவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன். மழை, முட்டி வலி. போகாவிட்டால் அவர் ஒன்றும் கேட்க மாட்டார் என்ற வெட்கத்தில்தான் போனேன். அன்றைக்கு ஒரு தேக்குப் பலகையைப் பென்சில் கோட்டுக்குத் தப்பான பக்கம் அறுத்து, ரம்பத்தின் கனம் அளவுக்குக் குறைத்துவிட்டேன். சத்தம் போடவில்லை. அதை எடுத்து ஒரு டிராயருக்கு ஒதுக்கிவிட்டு, "அடுத்ததை எடு" என்றார்.

கடைசி நாள் கேட்டேன், "நான் இந்தத் தொழிலுக்கு வரலாமா?" "வரலாம். கை பழக நாலு வருசம் ஆகும். அதுவரைக்கும் வீட்டுக்கு யார் அரிசி வாங்குவா?" என்றார். பிறகு சட்டைப் பையிலிருந்து 500 ரூபாய் எடுத்து நீட்டினார். வேண்டாம் என்றேன். "பிடி. கூலி வாங்காத ஆளைத் திட்டவும் முடியல, தப்புன்னு சொல்லவும் முடியல. அடுத்த வாரத்துலேர்ந்து சொல்லணும்ல" என்றார்.

ஆக, எட்டு வாரம் முடிந்து போன சனிக்கிழமையும் போனேன். கூலி 500. இரண்டு தடவை திட்டு வாங்கினேன்.

#18 சம்பளச்சீட்டு

'லீட்' போனதுக்கு அடிப்படைச் சம்பளத்தில் கை வைத்திருக்கிறார்களா என்று புதுக் கடிதத்தைப் படித்துப் பாருங்கள். மொத்தம் அதேதான் என்று சொல்லிவிட்டு உள்ளே பிரித்துப்போடுவார்கள். பணிக்கொடை அதில் அடிபடலாம்.

#19 தேக்கங்கன்று

பார்த்தேன் மேடம். உங்கள் பதிவுக்குப் பிறகு முதலில் அதைத்தான் பார்த்தேன். அப்படியே இருக்கிறது. சொந்தக் காப்பீடும் எடுத்துவிட்டேன்.

#20 சீனிமிட்டாய்

ஸ்டூல் என்ன ஆச்சு?

#21 தேக்கங்கன்று

காலை இழைத்தேன் அக்கா. ஒன்று குறைந்தது, பிறகு அடுத்தது, பட்டறைப்பையன் அண்ணன் எச்சரித்த மாதிரியே ஆகி இப்போது முக்கால் அடி உயரம்தான். ஆனால் ஆடவில்லை. மகள் அதில் உட்கார்ந்துதான் ஷூ மாட்டுகிறாள்.

#22 மன்னார்குடிக்காரன்

சரி, இவ்வளவு தூரம் வந்தாச்சு. எங்கள் வீட்டுக்குச் சுவரில் மாட்டுகிற மாதிரி ஒரு பூஜை அலமாரி வேண்டும். இரண்டடி அகலம், மூன்றடி உயரம். செய்து தர முடியுமா? அவசரமில்லை.

#23 தேக்கங்கன்று

முடியும் அண்ணே. சனிக்கிழமைகளில் மட்டும் செய்வதால் இரண்டு மாதம் ஆகும். ஆசாரி ஒரு தடவை பார்த்துச் சரி என்று சொன்ன பிறகுதான் கொடுப்பேன். சுவர் நேராக இருக்கிறதா என்று மட்டும் மட்டம் வைத்துப் பார்த்துச் சொல்லுங்கள். அட்வான்ஸ் பாதி கொடுத்தால் போதும்.

#24 பட்டறைப்பையன்

பாதி வாங்காதீர்கள். முக்கால் வாங்குங்கள்.

#25 மன்னார்குடிக்காரன்

யோவ்.